இடது மூலையில் ஓர் இறக்கை

அந்த இறக்கையை முதலில் பார்த்தது அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள்; ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ரசிகர் குழுவில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்றே பட்டப்பெயர்.

புதன்கிழமை சாயங்காலம் கடைசி டிரெய்லர் வெளியானது. பறவை மனிதர்களின் கதையில் மூன்றாம் பாகம், வெள்ளிக்கிழமை ரிலீஸ். இரண்டாம் பாகத்தின் முடிவில் அவர்களுடைய ராஜா எரிமலைக்குள் விழுந்துவிட்டான். செத்தான் என்று ஊரே அழுது முடித்த பிறகும், சாகவில்லை என்று ஒற்றை ஆளாகக் கட்சி கட்டிக்கொண்டிருந்தவள் அவள். நாற்பத்தாறு வயதில் இதென்ன பைத்தியம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

டிரெய்லரைக் கணினியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். எரிமலைக் காட்சியில், திரையின் இடது கீழ் மூலையில், கறுப்பாக ஏதோ அசைந்தது. வளைந்த விளிம்பு. இறக்கையேதான். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. “ராஜா உயிரோட இருக்கார். இடது மூலையைப் பாருங்க” என்று குழுவில் போட்டாள்.

எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கிண்டல் தொடங்கிற்று. கண்ணாடிக்கே கண்ணாடி வேணும்போல என்று ஒருவன் எழுத, அவள் சூடாகப் பதில் எழுதினாள். கடைசியில், அதே குழுவில் இருந்த தம்பி போன் செய்தான்.

“அக்கா, நானும் பெருசு பண்ணிப் பாத்துட்டேன். அங்க வெறும் பாறைதான் இருக்கு.”

“உனக்குக் கண்ணு பொடனியில இருக்கா? எவ்ளோ பெருசா இருக்குடா!”

பள்ளிக்கூட வேனை நிறுத்திவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் வந்த கணவரை இழுத்துவந்து திரைமுன் நிறுத்தினாள். “இங்க பாருங்க, கறுப்பா இல்ல?”

அவர் குனிந்து பார்த்தார். “ஒண்ணும் இல்லையே. கோழி இறகு ஒட்டிக்கிட்டு சண்டை போடறவங்களைப் பாத்து உனக்கு முத்திப்போச்சு.”

கோபத்தில் முகத்தைத் திருப்பினாள். வெள்ளைச் சுவர். சுவரின் இடது கீழ் மூலையிலும் அதே இறக்கை இருந்தது.

கதவைப் பார்த்தாள். கதவிலும் இருந்தது. வலது கண்ணைப் பொத்தினாள். கறுப்பு இன்னும் கெட்டியானது. இடது கண்ணைப் பொத்தினாள்; காணாமல் போயிற்று. ஒரு வாரமாகக் கண்ணோரம் மின்னல் மின்னியதையும், கொசு பறப்பதுபோல் புள்ளிகள் மிதந்ததையும் வேலைக் களைப்பு என்று தள்ளிவிட்டது இப்போதுதான் உறைத்தது.

“என்னாச்சு?” என்றார் கணவர்.

“ஒண்ணும் இல்ல. தலைவலி.”

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். மறுநாள் காலை அச்சகத்தில் தாளை விரித்தபோது கறுப்பு மேலேறியிருந்தது. ஒரு வரியின் தொடக்கத்தைப் படிக்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. மேலாளரிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கண் மருத்துவமனைக்குப் போனாள்.

சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார்.

“விழித்திரை கிழிஞ்சு கழண்டுக்கிட்டு வருதும்மா, சுவர்லேர்ந்து பெயிண்ட் உரியுமே, அந்த மாதிரி. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு, அதான் நல்ல காலம். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடணும்.”

“சனிக்கிழமை வரட்டுமா டாக்டர்?”

“ஏன், நாளைக்கு என்ன?”

சினிமா என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. “சொந்தத்துல ஒரு கல்யாணம்.”

“கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நடுப்பகுதியும் கழண்டுட்டா, அப்புறம் எழுத்து தெரியாது, முகம் தெரியாது. முடிவு உங்க கையில.”

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். போனில் முதல் காட்சிக்கான டிக்கெட் இருந்தது. ஒரு நாள்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும்? இருட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் என்ன மோசம்? அப்படி நினைப்பது கிறுக்குத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்கக் கால் வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

“என்னக்கா, ராஜா இன்னிக்கு எந்த மூலையில?” என்று சிரித்தபடியே எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு நின்றது. சனிக்கிழமை என்று அவள் இழுத்தபோது கத்தினான். “உனக்குப் புத்தி இருக்காக்கா? நீ அங்கயே உக்காரு. அசையாதே. நான் மாமாவைக் கூட்டிட்டு வரேன்.”

கணவர் வேன் சாவியைக் கையில் பிடித்தபடியே படியேறி ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ அவள் தோளைத் தொட்டு, “நேத்து நீ காட்டினப்பவே நான் ஏதாச்சும் கேட்டிருக்கணும்” என்றார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அறுவை சிகிச்சையின்போது நினைவு இருந்தது. தலைமேல் மெல்லிய துணி, கருவிகளின் சத்தம், யாரோ லேசரை ஏற்றச் சொல்லும் குரல். விரல்களைக் கோர்த்துக்கொண்டு கிடந்தாள். முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார்: “உள்ளே வாயுக்குமிழ் வெச்சிருக்கோம். அதுதான் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். ஒரு வாரம் குப்புறப் படுக்கணும். நிமிந்தா எல்லாம் பாழ்.”

வெள்ளிக்கிழமை, படம் தொடங்கும் நேரத்தில், அவள் கட்டிலின் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டுத் தரையைப் பார்த்துக் கிடந்தாள். கழுத்து கழன்றுவிடும்போல் வலித்தது. நடுராத்திரியில் தூக்கத்தில் புரண்டுவிட்டேனோ என்ற பயம் வேறு. தம்பி படத்துக்குப் போகாமல் வாசலில் வந்து நின்றான். “டிக்கெட்டை வீணாக்கிட்டு இங்க என்னடா பண்றே?” என்று தரையைப் பார்த்தே திட்டினாள்.

கணவர் பாயை விரித்து, அவள் முகத்துக்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டார். “இப்ப யாரையாவது பாத்துப் பேசலாம்ல?”

“உங்களையா? அதுக்குத் தரையே தேவலை.”

அவர் சிரித்தார். தினமும் வேனை நிறுத்திவிட்டு வந்து அங்கேயே படுத்துக்கொண்டார். முதல் இரண்டு பாகங்களின் கதையையும் அவள் கீழ்நோக்கியே சொன்னாள். குறுக்குக் கேள்வி கேட்டே அவள் உயிரை வாங்கினார்.

வாரம் முடிந்து டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

“ஒட்டிக்கிச்சு,” என்றார்.

பார்வை உடனே வரவில்லை. குமிழ் கரையக் கரைய, தண்ணீர் வடிவதுபோல், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உலகம் தெரிந்தது. நேர்க்கோடுகள் அந்தக் கண்ணுக்கு லேசாக வளைந்தே இருந்தன; அது அப்படியேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா அனுமதித்தபோது படம் ஊரில் ஒரே ஒரு தியேட்டரில், பகல் காட்சியாக ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். விளக்கு அணைந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கணவர் அவள் கையைப் பிடித்து உலுக்கினார்.

“ஏய், இவன் நீ சொன்ன அந்த மலைக்காரியோட அண்ணன்தானே? இவனை எப்படி நம்பி உள்ளே விட்டாங்க?”

“சும்மா பாருங்க,” என்றாள்.

பின்வரிசைக்காரர் “உஷ்” என்றார்.