இடது போல்ட்டைத் தொடாதே

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டுக்கு மெக்கானிக் அனுப்பும் ஒரு செயலி நிறுவனம் தன் மாத இதழுக்கு என்னிடம் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'தளம் ஒரு குளம்'. தளம் என்றால் அவர்கள் செயலிதான். நானும் ஆரம்பித்தேன்.

குளம் மீனைப் பெறுவதில்லை, பாசியை நடுவதில்லை; ஆனாலும் எல்லா உயிரும் அதற்குள்தான் ஒன்றையொன்று...

(அடித்துவிட்டேன். மீன்கள் குளத்துக்குக் கமிஷன் தருவதில்லை.)

2

கட்டுரை கேட்ட காரணம் இதுதான். ஒரு பகுதியில் மட்டும், சரிசெய்த வாஷிங் மெஷின் மறுபடி கெடுவது பாதியாகக் குறைந்திருந்தது. ஏனென்று நிறுவனத்துக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பகுதி மெக்கானிக் என் அக்காவின் கணவர்.

(கதையில் மச்சானுக்கு மீசை உண்டு. அடையாளம் தெரியக் கூடாதென்று அக்கா வைக்கச் சொன்னது.)

3

செயலியில் வேலை பார்ப்பவர் தன் நம்பரை எங்கேயும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஐடி போய்விடும். ஐடி போனால் பிழைப்பு போய்விடும். அதே வீட்டுக்கு அடுத்த முறை வேறொருவர் போவார். போனவர், மச்சான் பார்த்துப் பார்த்து முறுக்கிய போல்ட் உட்பட எல்லாவற்றையும் கழற்றிப் போடுவார்; மெஷின் மறுபடி கெடும். மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் மெஷினின் பின்பலகை உட்புறத்தில் மார்க்கரால் எழுதினார்: 'பம்ப் புதுசு. இடது போல்ட்டைத் தொடாதே. சந்தேகம்னா கூப்பிடு.' கீழே நம்பர்.

வீட்டுக்காரர்கள் அந்தப் பலகையைத் திறப்பதே இல்லை. திறந்த மெக்கானிக்குகள் கூப்பிட்டார்கள். பிறகு அவர்களும் எழுத ஆரம்பித்தார்கள்.

ஒரு தளத்தைத் தாங்குவது அதைக் கட்டியவர்கள் மட்டுமல்ல. ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், விதிக்குப் பின்னால்...

(நல்ல வரி. அச்சில் வந்தால் மச்சான் மாட்டுவார்.)

4

"என்னடா எழுதப்போற?" என்றாள் அக்கா.

"மச்சானைப் பாராட்டித்தான்."

"நீ பாராட்டி, எங்க அடுப்புல பூனை தூங்கணுமா?"

மச்சான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாப்ள, நாளைக்குப் பத்து மணிக்கு நான் வேலை பார்க்கறதை உன் கட்டுரைக்குப் படம் எடுக்கக் கம்பெனியில இருந்து வர்றாங்க. எந்த வீடுன்னு ஆப்தான் சொல்லும்."

"நீங்க எழுதாத வீடா அமைஞ்சா தப்பிச்சோம்."

"அதுல மத்தவங்க எழுதியிருப்பாங்க. எல்லாரும் என் நம்பரைத்தான் போடறாங்க."

அக்கா சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

5

முடிவு ஒன்று: பலகை திறக்கிறது, எழுத்தே இல்லை. (யார் நம்புவார்கள்?)

முடிவு இரண்டு: எழுத்து இருக்கிறது; படம் எடுப்பவர் பார்த்தும் பார்க்காததுபோல்... (அவ்வளவு நல்லவரை அனுப்பமாட்டார்கள்.)

மூன்றாவதை எழுத மனம் வரவில்லை. அக்கா படிப்பாள்.

நிறுவனத்துக்கு அந்தக் குளக் கட்டுரையையே அனுப்பிவிட்டேன். மிகவும் பிடித்திருந்ததாம்.

ஆக, மிச்சம் உங்களிடம். ஆப் நாளை காட்டப்போவது உங்கள் வீடாகவும் இருக்கலாம். மெஷினைத் திருப்புங்கள், பின்பலகைக்கு ஆறு ஸ்க்ரூ. உள்ளே நம்பர் இருந்தால், பத்து மணிக்குள் துடைத்துவிடக் கொஞ்சம் ஸ்பிரிட்டும் ஒரு துணியும் போதும். துடைத்தால் மச்சான் பிழைப்பார். ஆனால் அடுத்து வருபவர் இடது போல்ட்டில்தான் முதலில் கை வைப்பார்.