கணுக்கால் வரை

களியக்காவிளைச் சந்தைக்கு முன்னால் ஆட்டோ நின்றது. பின்சீட்டிலிருந்து இறங்கிய வாடிக்கைக்காரி விஜயம்மா சுயம்புவின் காலைப் பார்த்தாள்.

"எலே, ஒத்தச் செருப்போடயா வண்டி ஓட்டுத? மத்தத எங்க போட்ட?"

சுயம்பு குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்ததோ தெரியாது. பாறசாலையிலிருந்து வரும் வழியில் வெறுங்காலால் பிரேக்கை மிதித்து வந்திருக்கிறார். அதுவும் தெரியவில்லை.

"அறுந்து போச்சக்கா. களஞ்சிட்டேன்."

"களையறவன் ரெண்டயும்லா களைவான்" என்று சொல்லிவிட்டு அவள் சந்தைக்குள் போனாள்.

சுயம்புவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பதினோரு வருடச் சர்க்கரை நோய். மனைவி இறந்து மூன்று வருடம். மகள் ஜினி துபாயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசுவாள், அவர் சுகம் என்பார். வீட்டில் கஞ்சியும் பயறும்தான். ஒற்றை ஆளுக்கு மீன் வாங்கி, செதிள் சுரண்டி, சட்டி கழுவுவது வேண்டாத வேலை என்று என்றைக்கோ விட்டுவிட்டார். மனிதக் குரல் கேட்பது ஆட்டோவில்தான். ஏறுகிறவர்கள் மழையைத் திட்டுவார்கள், மருமகளைத் திட்டுவார்கள், அவர் முன்னால் பார்த்தபடி உம் கொட்டுவார். அவருக்கு அது போதும்.

கால் மரக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. காரணம் ஆட்டோ ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தது. வேலாயுதனும் ஆட்டோ ஓட்டியவன்தான். சர்க்கரையில் முதலில் விரல் போனது, பிறகு முட்டுக்குக் கீழே எல்லாம் போனது. இப்போது ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு லாட்டரிச் சீட்டு விற்கிறான். சுயம்பு தினமும் அவனிடம் ஒரு சீட்டு வாங்குவார், காலை மட்டும் பார்க்க மாட்டார்.

செருப்பு போன மறுவாரம், இஞ்சிவிளை இறக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்க்காரி குறுக்கே வந்தாள். சுயம்பு பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது. ஹாண்டிலை ஒடித்தார், முன்சக்கரம் ஓடையில் இறங்கியது.

"ஒமக்கு கண்ணு தெரியாதாவோய்?" என்று அவள் கத்திவிட்டுப் போனாள்.

கண் நன்றாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கே வண்டியை முற்றத்தில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். நான்காம் நாள் சந்தைக்குப் போக விஜயம்மா போனில் கூப்பிட்டாள். "வண்டி ரிப்பேராக்கும்" என்று சொல்ல வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து துருப்பிடித்த கீல் போல ஒரு சத்தம்தான் வந்தது. நாலு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலை விட அது அவரைப் பயமுறுத்தியது. மறுநாள் காலை பஸ் ஏறி, வழக்கமாக மாத்திரை வாங்கும் அரசு சுகாதார நிலையத்துக்குப் போனார்.

நர்ஸ் அஜிஷா, தின்கிற மருந்தையெல்லாம் காட்டச் சொன்னாள். அவர் பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தார்.

"இது நம்ம குளிகை. இது ஆரு தந்தது?"

"களியக்காவிளை டாக்டரு. ஆறு வருசமாட்டு."

"இங்க வாங்குதது அவருக்குத் தெரியுமா?"

"கேக்கல்ல. சொல்லல்ல."

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறவர்களுக்கு அது வழக்கம். பெட்ரோல் அந்தப் பக்கம், மீன் இந்தப் பக்கம், காய்கறி அந்தப் பக்கம், மருந்து இரண்டு பக்கமும். இரண்டு டாக்டர் பார்த்தால் இரட்டிப்புப் பலன் என்று சுயம்பு நம்பியிருந்தார்.

"ரெண்டும் ஒரே சர்க்கரக் குளிகைதான் மாமா, மெட்ஃபார்மின். கவருதான் வேற. நேத்திக்குப் போட்ட எண்ணெய்க்கு மேல இன்னைக்கும் ஃபுல் டேங்க் அடிச்சிருக்கிய."

இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நரம்புக்கு வேண்டிய வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: அந்த மாத்திரை வருடக்கணக்கில் போனால் உடம்பு பி12-ஐ எடுப்பது குறையும், இவர் இரண்டு மடங்கு தின்றிருக்கிறார், மீனும் முட்டையும் கிடையாது. நரம்பு கெட்டதில் சர்க்கரைக்கும் பங்கு இருக்கலாம். மாத்திரையை ஒரு இடத்தில் மட்டும் வாங்க வேண்டும். ஊசி முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. அதுவரை வண்டி கூடாது.

தினமும் ஊசி போட்ட அந்த முதல் வாரம் சுயம்புவுக்கு நல்ல வாரம். தினமும் பஸ், தினமும் வரிசை, தினமும் அஜிஷாவின் கேலி. நாலாவது வாரம் அவள் இரண்டு பல் உள்ள இரும்புக் கவையை எடுத்தாள். தட்டிவிட்டு எலும்பில் வைத்தால் அது அதிர்வது தெரிய வேண்டும். முதல் நாள் வைத்துப் பார்த்தபோது அவருக்கு எங்குமே தெரியவில்லை.

"கண்ண மூடுங்க. பெருவிரல்ல அதிருதா?"

"உண்டு."

"நல்லாட்டா?"

"நல்லா உண்டு. நாளைக்கு வண்டி எடுக்கலாமா?"

சுயம்பு கண்ணைத் திறந்தார். கவை அசையாமல் அவள் கையில் இருந்தது.

"நான் தட்டவே இல்ல மாமா."

வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி சிரித்தாள். சுயம்பு தரையைப் பார்த்தார்.

"ஓட்டாட்டா பேச ஆளில்ல" என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அஜிஷா கவையை மேசையில் தட்டினாள். அது முனகியது. "செரி, இப்ப சொல்லுங்க. பொய் சொன்னா ரோட்டுல போற எவளாவதுதான் சாவா."

பெருவிரலில் ஒன்றுமில்லை. பாதத்தின் மேல் ஒன்றுமில்லை. கணுக்கால் எலும்பில் வைத்தபோது, அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் வண்டு பறப்பது போல ஏதோ இருந்தது.

"இங்க உண்டு. கொஞ்சம். விரல்ல இல்ல."

அவள் சீட்டில் எழுதினாள். "முன்னேற்றந்தான். இன்னிக்கோட வாராவாரம் போடுத ஊசி முடிஞ்சு. இனி மாசம் ஒண்ணு. அடுத்த மாசம் வாங்க."

முன்னேற்றம் என்றால் ஒரு மாதம் ஊசிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அர்த்தம். அவர் தலையாட்டினார்.

வழியில் மீன்காரி முன்னால் நின்று கால் கிலோ சாளை கேட்டார்.

"ஆரெல்லாம் உண்டு வீட்டுல?"

"நான் மட்டுந்தான்."

அவள் எடைக்கு மேல் ஒன்றும் போடவில்லை.

வீட்டில் தார்ப்பாயை விலக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். எஞ்சினைப் போடவில்லை. குனிந்து பார்க்காமல் வலது காலை நீட்டி மிதித்தார். கணுக்காலில் ஓர் எதிர்ப்பு தெரிந்தது; அதற்குக் கீழே யாருடைய காலோ. குனிந்து பார்த்தார். பாதி பிரேக்கில், பாதி தகட்டில் இருந்தது.

தார்ப்பாயை மறுபடி இழுத்துக் கட்டினார். சாளையின் செதிளைச் சுரண்டக் கத்தி எங்கே இருக்கிறது என்று தேடப் போனார்.