டம்மிப் பல்லவி

உவைஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலை, நிலா, ஈரமணல் என்று இழைத்து இழைத்து எழுதிய பல்லவியை டைரக்டர் ஜெயக்குமார் ஃபோனிலேயே தள்ளிவிட்டான்.

"அது வேணாண்ணே. அதுகூடவே டம்மியா ஒண்ணு பாடி அனுப்புனீங்களே, அதான் வேணும்."

மெட்டு கைக்கு வந்ததும், அளவு பிடிக்க வாயில் வந்ததைப் போட்டுப் பாடிப்பார்ப்பது பாட்டெழுதுகிறவர்களின் பழக்கம். நல்ல வரி கிடைத்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு மனைவி ஃபைஸா அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதையே மெட்டில் ஏற்றி ஃபோனில் பதிந்திருந்தான். அவசரத்தில் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

சோறு ஆறிப்போச்சு, நீ இன்னும் வர்ல
சொல்லிச் சொல்லி வாயே நோவுது
யாராண்ட நீ பேசிகினு கீற
நான் ஒருத்தி இங்க கீறன்ல

"சரணமும் இப்டியே குடுத்துடுங்க" என்றான் ஜெயக்குமார். "டைட்டில்ல உங்க பேரு தனியா வரும்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உவைஸ் மசிந்தான். பதினெட்டு வருஷமாகப் பாட்டெழுதுகிறான். சிங்கப்பெருமாள் கோயில் உலகநாதனின் நாடகக் குழுவில் ராஜா வேஷக்காரன் இவன் எழுதிய வரிகளை இஷ்டத்துக்கு மாற்றிப் பாடுவான். நோட்டீஸில் விளக்கு போட்டவன் பேர்கூட வரும், இவன் பேர் வராது. சினிமாவில் ஒரு படம் பெட்டிக்குள் போனது. இன்னொன்றில் பாட்டையே வெட்டினார்கள். மூன்றாவதில் டைரக்டர் தன் பேரைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து கத்தித் தீர்ப்பான். கேட்டுக்கொண்டவள் ஃபைஸாதான்.

இந்தப் படம் முழுக்கப் பாட்டிலேயே ஓடுகிற கதை. விட மனசில்லை. அந்த வாரம் முழுக்க, மறைமலைநகரில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஃபைஸா புதுப்பட்டினம் வந்து இறங்கும்போதே உவைஸ் போய் நின்றான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். சூப்பர்வைசர் சிடுசிடுத்தது, முழங்கால் வலி, இவன் மேலிருந்த குறை என்று அவள் பேசப் பேச வாய் திறக்காமல் கேட்டான். அவளுக்கே ஆச்சரியம். ஒருநாள் மீனைப் பொரித்து அவன் தட்டில் தள்ளி, "இப்பத்தான் மனுஷன் மாரி கீற" என்றாள்.

சரணங்கள் தயாராகிவிட்டன.

மாமல்லபுரம் கடற்கரையில் ஷூட்டிங். லீவு நாளாகப் பார்த்து ஃபைஸாவைப் பெருமையாகக் கூட்டிப்போனான். ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. முழங்கால் வலிகூட ஒரு சரணத்தில் வந்தது. லைட்மேன்கள் வரை முணுமுணுத்தார்கள்.

ஃபைஸா கடைசிவரை கேட்டாள்.

"ஒரு வாரமா பக்கத்துல குந்திகினு கேட்டியே, இதுக்கா?"

"டம்மிக்குப் போட்டது ஃபைஸா, அவந்தான் புடிச்சிகினான்..."

"சரணமும் டம்மியா?"

ஃபைஸா விடவில்லை.

"ராஜா வேஷக்காரன் ஒரு வார்த்தைய மாத்துனா வூட்டையே ரெண்டாக்குவ. இதுல யாரு பேரு வரப்போவுது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே ஜெயக்குமாரிடம் போனான்.

"டைட்டில்ல ஃபைஸான்னு போடு."

"இன்னாண்ணே பேஜாரு பண்றீங்க. உங்க பேரு வரும்னுதான சரணமே எழுதிக் குடுத்தீங்க?"

"ஃபைஸான்னு போடு. என் பேரு வேணாம்."

பதினெட்டு வருஷம் காத்திருந்த பேர் அது. திரும்பி வந்து அவளிடம் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்கூட்டர் கிளம்பியது. வழக்கமாக வண்டியில் ஏறினால் வீடு வரும்வரை பின்னாலிருந்து பேச்சு ஓயாது; பாட்டு யோசிக்க விடுகிறாளா என்று அவன் அலுத்துக்கொள்ளாத நாளில்லை. கல்பாக்கம் தாண்டியும் அவளிடமிருந்து ஒரு சத்தமில்லை. அவனால் தாங்க முடியவில்லை.

"எதுனா பேசேன் ஃபைஸா."

"எதுக்கு? அடுத்த படத்துக்கா?" என்றாள்.