சிவப்பு டிக்

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவைக் கணவருடைய இடது கைவிரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். வலது கை மடியிலிருந்த வெள்ளைத் துண்டின் மேல் சும்மா கிடந்தது. பக்கவாதம் வந்து ஒரு பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் பேனாவைத் தொடவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "சாருக்கு ரொம்பப் பழக்கமான வேலை எதையாவது கொடுத்துப் பாருங்கம்மா. சில பேருக்கு அதுல இருந்துதான் திரும்பி வரும்."

பழக்கமான வேலை என்றால் அவருக்குத் தப்புக் கண்டுபிடிப்பதுதான். இங்கிலீஷ் பத்திரிகையில் பிழை திருத்தியே தலை நரைத்த மனுஷர். ஒரு சொல்லுக்கு முன்னால் 'எ' வருமா, 'ஆன்' வருமா, 'தி' வருமா என்று கேட்டே நிருபர்களை அழவைத்தவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை, ஹோட்டல் மெனு எதுவும் அவரிடம் தப்பியதில்லை. மகள் வைத்த பெயரே 'சிவப்புப் பேனா'.

அவருக்குப் பதவி உயர்வு வந்த அன்று, அவளும் ஆசையாசையாக ஒரு வாழ்த்து அட்டையில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். 'யூ ஆர் எ ஹானஸ்ட் மேன்.' வந்திருந்த ஆபீஸ்காரர்கள் முன்னாலேயே அவர் 'எ'யைச் சுழித்தார்.

"இங்க 'ஆன்' வரணும். அடுத்து வர்ற வார்த்தையோட சத்தத்தைக் கேட்டுட்டு எழுதக் கூடாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பதை அவர் படித்தாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவருக்கென்று அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.

இன்றைக்கு எழுதியிருந்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், கொட்டை எழுத்தில், அதே வரி. அதே தப்போடு. தாளை அவர் மடியிலிருந்த துண்டின் மேல் வைத்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. சரியா இருக்கா?"

பேனா முனை வரியின் தொடக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்தது. 'எ'க்கு மேலே வந்ததும் நின்றது. நெற்றியில் அந்தப் பழைய சுருக்கம் விழுந்தது. பிடிச்சிடுங்க, வேணும்னா திட்டக்கூடத் திட்டுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

பேனா அதைத் தாண்டிப் போனது. வரியின் கடைசியில் கோணலாகப் பெரிய டிக் ஒன்று விழுந்தது. கோடு தாளோடு நிற்காமல் துண்டிலும் இறங்கியது. பாதி வாயால் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கு... குட்."

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை காலம் ஏங்கியிருப்பாள். இப்போது அதைக் கேட்டதும் அவள் கண் திருத்தப்படாத அந்த 'எ'யின் மேல்தான் போனது. அவர் மறுபடியும் அந்த வரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா என்னம்மா பண்றார்?" அடுத்த அறையிலிருந்து மகள் கேட்டாள்.

"திருத்திட்டிருக்கார்" என்றாள்.

பேனா முனை துண்டிலேயே ஊன்றியிருந்தது. வெள்ளையில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவள் பேனாவை வாங்கவில்லை.