கறுப்பில் விழுந்த ஓட்டை

கிட்ட வாருங்கோ பிள்ளைகள், விசிறிக் காற்றுப் படுகிற பக்கமாக இருங்கோ. வயிறு எரிந்த ஒருத்தியின் கதை சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு அவளைத் திட்டக் கூடாது. அவளும் நல்ல பிள்ளைதான்.

பெயர் ரொஷேல். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. வெள்ளவத்தையில் சவுந்தரநாயகம் நடத்தும் சின்னக் கம்பனியில் ஐந்து வருடமாக எஞ்சினியர். தெமட்டகொடையில், முஸ்லிம் பெண்கள் உடுப்புக்கு மேலால் போடும் அபாயா தைத்து விற்கும் நளீபா அவள் பிடித்துவந்த வாடிக்கையாளர். ஒவ்வொரு பெருநாளுக்கும் நளீபா வீட்டு வட்டிலாப்பம் ரொஷேலின் மேசைக்குத்தான் வரும்.

இந்த வருடம் அது மிதுனாவின் மேசைக்குப் போனது.

மிதுனா வேலைக்கு வந்து மூன்று மாதம். வட்டிலாப்பத்தை வெட்டி எல்லோருக்கும் நீட்டினாள். ரொஷேல், "நான் இனிப்புச் சாப்பிடுறதில்ல" என்று விட்டாள். அன்று பின்னேரம் சந்திக் கடையில் இரண்டு கேக் தின்றது எனக்குத் தெரியும்.

நளீபா கேட்டது, நாடா பிடிக்காமல் உடம்பளவு எடுக்கும் கேமரா. ரொஷேல் சொன்னது இரட்டைக் கண் கேமரா: நம் கண்கள் போல இரண்டு படம் எடுத்து, அவற்றின் வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். மிதுனா சொன்னது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளப்பது. எவளுடைய கேமராவை நளீபா எடுக்கிறாவோ, அவள்தான் இந்த வேலைக்குப் பொறுப்பு என்று சவுந்தரநாயகம் சொல்லிவிட்டார்.

இரண்டையும் சோதித்து அறிக்கை எழுதுவது ரொஷேலின் வேலை. செவ்வாய்க்கிழமை ஒரு கறுப்பு அபாயாவைத் தொங்கவிட்டாள். மிதுனாவின் கேமராவில் துணி இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அந்தக் கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. அபாயாவில் மணி வேலை இருந்ததால், அந்தப் புள்ளிகளை இரண்டு படத்திலும் ஒப்பிட்டு ரொஷேலின் கேமரா அச்சொட்டாகப் பிடித்தது. ஓட்டை இருந்த பக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டாள். அந்த ஓட்டை எல்லோருக்கும் முன்னால் விழட்டும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை நளீபாவின் கடையில், அவவின் மகள் றுஷ்னா கறுப்பு அபாயாவோடு மிதுனாவின் கேமரா முன் நின்றாள். திரையில் முகத்தின் வடிவமும் இரண்டு கையும் மட்டும் சாம்பலாய் மிதந்தன.

"டயட் வேலை செஞ்சீக்கி உம்மா" என்றாள் றுஷ்னா.

மிதுனாவின் முகம் செத்துப்போனது. ரொஷேலுக்கு உள்ளே கற்கண்டு கரைந்தது.

நளீபா சிரித்தா. "அபாயாக்கு மேலால யாரு புள்ள அளவெடுக்கிற? உள் ரூமுல கழட்டி வெச்சிட்டுத்தான் எடுப்பம். நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்கு வராம வாசலோட நிண்டா எப்பிடித் தெரியும்?"

உள் அறையில் மஞ்சள் சல்வாரோடு நின்ற றுஷ்னாவை அந்தக் கேமரா முழுசாகக் கண்டது. கண் மூக்கு எதுவும் இல்லை, சாம்பலாய் ஓர் உருவம் மட்டும்.

பிறகு ரொஷேல் தன்னுடையதை வைத்தாள்.

"இது போட்டோ எடுக்குமா?" என்று கேட்டா நளீபா.

"எடுத்தாத்தான் ஆன்ட்டி அளக்கலாம். பிறகு அழிச்சிடலாம்."

"அழிக்க முந்தி படம் அதுக்குள்ள ஈக்கும்தானே. எங்கட பொம்புளைகள் இதுக்கு முன்னால நிக்கமாட்டாங்க."

அவ்வளவுதான். அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, மிதுனாவின் கேமராவை எடுப்பதாகச் சொன்னா.

திரும்பும் வழியில் பொரளைச் சந்தியில் இருவரும் வந்த திரீவீல் ஓட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது.

"அக்கா, கறுப்பில ஓட்டை விழும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

ரொஷேல் வெளியே பார்த்தாள். "ஓம். செவ்வாய்க்கிழமையே."

"சொல்லியிருக்கலாம்."

"மனம் வரயில்ல. அந்த வட்டிலாப்பம் இன்னும் நெஞ்சில நிக்குது."

"நீங்கள் சாப்பிடவே இல்லையே."

சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். மிதுனா சிரிக்கவில்லை. திரீவீல் நகர்ந்ததும் ரொஷேலின் கணினியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"கறுப்புச் சல்வாரோட ஒரு ஆள் வந்தா என்ன நடக்கும் எண்டு ஆன்ட்டிக்குத் தெரியவேணும். அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடுங்கோ. கண்டுபிடிச்சது நீங்கள். உங்கட பெயரையும் போடுங்கோ."

மடியில் கணினியைத் திறந்து ரொஷேல் அந்தப் பக்கத்தைச் சேர்த்தாள். பெயரை எழுதும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது; பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் எழுதினாள்.

உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் பலகாரம் எல்லார் பங்குக்கும் காணட்டும், பிள்ளைகள். பக்கத்து மேசையைப் பார்த்து உங்களில் ஒருவரும் பசியோடு இருக்க வேண்டாம். குடும்பமாய் வயிறு குளிர்ந்து வாழுங்கோ.