தவணை குறையட்டுமா, வருஷம் குறையட்டுமா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஆம்பூரில், ஒரு வங்கியின் நாற்காலி வரிசையில். நகைக்கடனைப் புதுப்பிக்க டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன். காதில் விழாததை நானே இட்டு நிரப்பினேன். இன்பராஜ், ஷர்மிளா என்ற பெயர்களும் நான் வைத்தவைதான்.

2

முதல் தொடக்கம்: 'பாலாற்று மணலில் நிலவு விரிந்துகிடந்த'

(வேண்டாம். அவர்கள் ஆற்றுப் பக்கம் போய் எவ்வளவோ காலமாகிறது.)

இரண்டாவது: 'ஷர்மிளா தன் வீட்டின் சாயங்காலத்தைப் பார்த்ததில்லை.'

இது இருக்கட்டும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். விடியும்போது வேன் ஏறினால், ஓவர்டைம் முடித்து இறங்கும்போது இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச், துணி, சமையல், அசந்து ஒரு தூக்கம். மூன்று வருடங்களுக்கு முன் கடன் வாங்கிக் கட்டிய வீடு. மேற்கே பார்த்த ஜன்னல் வேண்டும் என்று கொத்தனாரிடம் கேட்டு வாங்கியவள் அவள்தான். அந்த ஜன்னல் வழியாக வெயில் எதுவரை வரும் என்று பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாது.

3

இப்போது அவள் கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. பேரணாம்பட்டில் அப்பா வீட்டை விற்றதில் வந்த பங்கு. கடனில் கட்டிவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

கடன் அதிகாரி ஹேமலதா (இவர் பெயர் நிஜம் மாதிரி இருக்கிறது, ஆனால் நிஜமில்லை) கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"பதினஞ்சு லட்சம் வாங்கினீங்க. மாசம் பதிமூணாயிரத்து ஐந்நூறு கட்றீங்க. இன்னும் பாக்கி பதினாலு லட்சம்."

"மூணு வருஷம் கட்டியுமா?" என்றான் இன்பராஜ்.

"பாக்கி எவ்வளவோ அதுக்குத்தான் சார் வட்டி. ஆரம்பத்துல பாக்கி ஜாஸ்தி, அதனால தவணையில முக்கால்வாசி வட்டிக்கே போய்டும். இப்ப கூடுதலா கட்டினா முழுசும் அசல்ல கழியும். அப்புறம் ரெண்டு வழி இருக்கு. தவணை அப்படியே இருந்தா, கடன் நாலரை வருஷம் முன்னாடி முடியும். வருஷம் அப்படியே இருந்தா, தவணை மாசம் ரெண்டாயிரம் கிட்ட கம்மியாகும். வட்டி அதிகமா மிச்சமாவறது முதல் வழியிலதான்."

4

(இங்கே இன்பராஜைக் கஞ்சனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. பயந்தவனாக எழுதினேன், சரியாக வந்தது.)

"வருஷத்தைக் குறைச்சிடலாம் ஷர்மி. எனக்கு வேலை போய்ட்டா? கம்பெனிக்கு ஆர்டர் கம்மியாய்ட்டா?"

"வேலை போனா கம்மியான தவணைதாங்க நல்லது."

அவன் கணினித் திரையை இன்னொரு முறை பார்த்தான்.

"அந்த ரெண்டாயிரத்துல இன்னா பண்ணப் போற?"

"ஓவர்டைம விட்டுடுவேன்."

"விட்டுட்டு?"

"சாயங்காலம் அஞ்சரைக்கே வேன் ஏறுவேன். வெளிச்சத்துல வீட்டுக்கு வருவேன்."

"வந்து?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ஜன்னல் கிட்ட உக்காந்திருப்பேன்."

சொல்லும்போது அவள் குரல், பாதித் தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. நாலரை வருடம் என்பது எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய வெளிச்சம். இவள் கேட்டது தினமும் ஒரு துண்டு. எது பெரிது என்று கணக்குப் போடப் பார்த்தேன். அதற்கு வட்டி விகிதம்

(விட்டுவிட்டேன்.)

5

ஹேமலதா படிவத்தை நீட்டினார். இரண்டு கட்டங்கள், ஒன்றில் குறி போட வேண்டும். இன்பராஜ் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். பிறகு அவளிடம் கொடுத்தான்.

"உன் பணம். நீயே போடு."

"நீங்க கோச்சிக்குவீங்க."

"ரெண்டு நாள். அப்புறம் சரியாய்டுவேன்."

அவள் சிரித்தபடி குனிந்தாள். அந்த நேரம் பார்த்து என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

6

முடிவு ஒன்று: வருடத்தைக் குறைத்தாள். ஒருநாள் பத்திரம் சீக்கிரமாகவே கைக்கு வருகிறது. அன்று அவள் தலையில் நரை.

முடிவு இரண்டு: தவணையைக் குறைத்தாள். மாலைகளில் தரையில் வெயில். கடன் நீண்டுகொண்டே இருக்கிறது.

இரண்டையும் அடித்துவிட்டேன். குறி போட்டவள் அவள், நான் பார்க்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நான் வெளியே வந்தபோது அவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். மணி நாலு இருக்கும்.

"ஓட்டல்ல ஏதாவது சாப்பிட்டுப் போலாமா?" என்றான் அவன்.

"வேணாங்க. லீவு போட்ட நாள். நேரா வீட்டுக்குப் போலாம்."

ஷேர் ஆட்டோவில் ஒரு இடம்தான் இருந்தது. அவளை ஏற்றிவிட்டு, அவன் அடுத்ததுக்காக நின்றான். ஆட்டோ மேற்குப் பக்கம் திரும்பியது. அவள் கண் கூசிக் கையை நெற்றியில் வைத்தாள், எடுக்கவே இல்லை.

படிவத்தில் எந்தக் கட்டம் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது வேண்டாம். அவள் முதலில் வீடு போய்ச் சேரட்டும்.