காதுக்கடன்

அந்த வீட்டில் கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஒரு செல்லப்பெயர் இருந்தது. காதுக்கடன். அங்கே இருந்தவர்கள் ஒரு அக்கா, அவள் தம்பி, தம்பியின் மனைவி, அவர்கள் மகள். பெயர் வைத்தவள் தம்பியின் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். உள்ளே போனால் என்ன வலிக்கப்போகிறது என்பதை மறைத்துச் சிரித்துப் பேசுவது அவளுக்குத் தொழில். அந்தப் பெயரையும் அப்படிச் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

உண்மையில் அந்த கார்டில் ஏறியிருந்தவை வேறு. தம்பி ஒரு மரச்சாமான் கடையில் விற்பனைப் பிரிவு மேற்பார்வையாளன். ஊழியர்களுக்குத் தள்ளுபடி என்று முதலில் ஒரு சோபா வந்தது. சோபாவில் உட்கார்ந்தால் எதிரே வெறும் சுவராக இருக்கிறதே என்று ஒரு பெரிய டிவி வந்தது. அப்புறம் கடற்கரை விடுதியில் சில நாட்கள், மனைவிக்குப் புதிய போன், பழைய போன் மகளுக்குப் போனதால் அதற்கு ஒரு உறை. கடைசியாக, கல்யாணம் ஆகாமல் அவர்களுடனே இருந்த, காது கேட்காத அக்காவுக்கு ஒரு காதுக் கருவி. விலையில் சோபா, டிவியின் பக்கத்தில் நிற்க முடியாத மலிவான பொருள். ஆனால் அதை வாங்கிய வாரத்தில்தான் கார்டு மேற்கொண்டு கொடுக்க மறுத்தது. அதனால் மொத்தப் பழியும் அக்காவின் காதில் வந்து தொங்கியது.

அக்கா அதை அப்படியே நம்பினாள். தன்னால்தான் வீடு கடனில் கிடக்கிறது என்று ஒருவர் நம்பிவிட்டால், அவரை வைத்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்குக் கணக்கே இல்லை. முன்னறையின் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. தெருமுனைச் சலவைக்கடைக்கு வருகிற துணிகளில் கிழிசல் அடைப்பது, ஓரம் மடிப்பது, பொத்தான் வைப்பது அவள் வேலை. முன்பு அந்தக் கூலியில் பாதியைத் தன் செலவுக்கு வைத்துக்கொண்டிருந்தவள், காதுக்கடன் என்ற பெயர் வந்த மாதத்திலிருந்து முழுவதையும் தம்பி மனைவியின் கையில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரும் சோபாவில் உட்கார்ந்து அந்த வாரம் யார் எதை மிச்சம் பிடித்தார்கள் என்று சொல்வது வழக்கமாயிற்று. தம்பி கடை வாசல் டீயை விட்டதாகச் சொல்வான். மனைவி பஸ்ஸை விட்டு வழியிலேயே இறங்கி நடந்து வந்ததாகச் சொல்வாள். இருவரும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். ஒருவர் புளுகு மற்றவருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். அக்கா மட்டும் நிஜத்தைச் சொன்னாள். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்பக்கத்தை வழித்தது, துணி அலசிய தண்ணீரில் தரை துடைத்தது, பகலில் விளக்குப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே ஊசி கோத்தது. அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவளே அந்த யோசனையையும் எடுத்துவைத்தாள்.

"நான் பகல் முழுக்க தனியாத்தானே இருக்கேன். மெஷின் சத்தத்தக் கேட்க எதுக்கு பேட்டரி? ராத்திரி நீங்க வந்தப்புறம் போட்டுக்கறேன்."

அந்தக் கருவிக்குப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி. அதன் முதுகில் ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருக்கும். அதைப் பிரித்தால்தான் பேட்டரிக்கு உயிர் வரும். அக்கா தினமும் பேட்டரியை வெளியே எடுத்து, அந்த ஒட்டுத்தாளைத் திரும்ப ஒட்டி, டப்பாவில் வைத்துவிடுவாள். பசை போனதும் தையல் பெட்டியிலிருந்து டேப்பைத் துண்டு வெட்டி ஒட்டினாள். தம்பி மனைவி கைதட்டினாள். மகளும் கைதட்டினாள். அக்காவுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இரவில் போட்டுக்கொள்வதும் சில வாரங்களில் குறைந்தது. ஒருநாள் அவள் கருவியை மாட்டும்போது தம்பி மனைவி, "இன்னைக்கு நாங்க பேசறதுக்கு ஒண்ணும் இல்லக்கா, டிவிதான் பாக்கப்போறோம்" என்று சாதாரணமாகச் சொன்னாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் அக்கா டப்பாவை எடுக்கவே இல்லை. கடைசியில் ஞாயிறு மதியம் சோபாவில் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மிஞ்சியது.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாது. அக்கா முதலில் சத்தமாகப் பேசினாள். தம்பி மனைவி கையைத் தாழ்த்திக் காட்டுவாள். அக்கா குறைப்பாள். இன்னும் தாழ்த்திக் காட்டுவாள். இன்னும் குறைப்பாள். அப்படியே குறைந்து குறைந்து அவள் பேச்சு காற்றாகிவிட்டது. ஒன்பது வயது மகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். அத்தையின் முகத்துக்கு நேரே நின்று, முத்தம் கொடுக்கப்போகிறவள் மாதிரி இனிக்க இனிக்கச் சிரித்து, "நீ ஒரு மக்கு அத்தை, நீ ஒரு தண்டம் அத்தை" என்பாள். அத்தை அவள் கன்னத்தைத் தடவி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவாள். முதல் தடவை தம்பி அதட்டத்தான் வாயெடுத்தான். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை கெட்டவள் அல்ல. வீட்டில் எதற்குச் சிரிப்பு கிடைக்கிறதோ அதைத்தான் குழந்தை திரும்பச் செய்யும்.

சலவைக்கடைக்காரர் ஒருவர் மட்டும் அவளிடம் பேசுவதற்காக இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற பக்கமாக வந்து நின்று, நிதானமாக வாயசைப்பார். அவளுக்கு அது புரியும். வீட்டில் யாரும் அப்படி நின்று பேசுவதில்லை. கருவி எங்கே என்று அவர் ஒருநாள் கேட்டார். அவள் கடனைச் சொன்னாள், பேட்டரியைச் சொன்னாள். இப்போதெல்லாம் வாராந்தரப் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனாலும் பாட்டு கேட்பதில்லை, வாய்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். கடன் முடிந்த மறுநாள் விடிந்ததும் மாட்டிக்கொண்டு படுக்கும்வரை கழற்றப்போவதில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது, வரப்போகும் விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல் அவள் முகம் மலர்ந்தது.

மறுவாரம் அவர் கூலியோடு ஒரு பேட்டரி அட்டையையும் பையில் வைத்தார். புதியது, ஒட்டுத்தாள் பிரிக்காதது. "இது கணக்குல இல்ல. கூட்டத்துக்குப் போறப்ப போட்டுக்கோங்க" என்றார். அவர் பெரிய வசதிக்காரர் இல்லை. உலகம் இன்னும் நடக்கிறது என்றால் இப்படிப் பையில் போடப்படும் சின்னப் பொருட்களால்தான் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொருள் போய்ச் சேரும் வீட்டிலும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அக்கா அதை ஒளித்துவைக்கவில்லை. ஒளிக்க அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கூலியோடு சேர்த்துத் தம்பி மனைவியிடம் நீட்டினாள், பேட்டரி அட்டையை மட்டும் அவள் திரும்பக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்து. தம்பி மனைவி இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் அட்டையை மருந்துக்கடையில் கொடுத்துப் பணமாக்கினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அதைத் தம்பியிடம் சொன்னாள். அக்கா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கருவி டப்பாவில் இருந்தது. இவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசியதால் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை.

"மருந்துக்கடைக்காரன் ஒண்ணு சொன்னான். ஒட்டுத்தாள் பிரிக்காம இருந்தாத்தான் திரும்ப எடுப்பானாம். பிரிச்சுட்டா அவ்வளவுதானாம். காதுல இருந்தாலும் டப்பால இருந்தாலும் அது பாட்டுக்குத் தீர்ந்துக்கிட்டே இருக்குமாம். திரும்ப ஒட்டிவெச்செல்லாம் பெரிசா ஒண்ணும் மிச்சமாகாதாம்."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். அப்படியானால் அக்கா இத்தனை மாதமும் சும்மா கேட்காமல் இருந்திருக்கிறாளா என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

"அப்போ நாள் முழுக்க போட்டுக்கச் சொல்லலாமே."

"சொல்லுங்க. அப்புறம் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா நான் மொட்டைமாடிக்குத்தான் வரணும். இப்போ வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு, பாத்தீங்களா? கடன் முடியட்டும், சொல்லிக்கலாம்."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். அவன் கொடுமைக்காரன் இல்லை. சிறு வயதில் அக்காவின் இடுப்பை விட்டு இறங்காதவன் என்று அவளே எல்லோரிடமும் சொல்வாள். ஆனால் நல்லவனாக இருப்பதற்கு அன்று அவன் சாப்பாட்டை விட்டு எழுந்திருக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் பசித்தது. அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, குழம்பு நன்றாக இருக்கிறதா என்று காற்றுக்குரலில் கேட்டாள். தம்பி தலையாட்டினான்.

அதற்குப் பிறகும் பல மாதங்கள் அவள் டேப் வெட்டினாள், ஒட்டினாள், டப்பாவில் வைத்தாள்.

கடன் ஒருவழியாகத் தீர்ந்தது. சம்பளம் வந்த அன்று மாலை தம்பி சோபாவில் உட்கார்ந்து, போனிலேயே கடைசித் தவணையைக் கட்டினான். பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது. அதை மனைவியிடம் காட்டினான். அவள் போனை வாங்கிப் பார்த்து, அவன் தோளில் தட்டி, வாய்விட்டுச் சிரித்தாள். மகள் சோபாவின் மேலேறிக் குதித்தாள். ஜன்னலோரம் யாரோ ஒருவருடைய கால்சட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்த அக்கா அவர்கள் சிரிப்பதைப் பார்த்தாள். என்ன விஷயம் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

"அத்தைகிட்ட நான் சொல்லட்டா?" என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம். அத்தைக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம்னா எப்போ?"

"கார் வந்தப்புறம்."

கார் என்ற பேச்சே தம்பிக்குப் புதிது. மனைவி விளக்கினாள். கார்டு சுத்தமாகிவிட்டது, இனி கேட்டால் காருக்குக் கடன் கொடுப்பார்கள். ஆனால் முன்பணம் கையிலிருந்து போட வேண்டும். தையல் கூலியை இன்னும் கொஞ்ச காலம் இப்படியே வாங்கினால் முன்பணம் சேர்ந்துவிடும். கடன் முடிந்தது என்று தெரிந்தால் அக்கா பழையபடி பாதியை எடுத்துக்கொள்வாள். வயசாகிற காலத்தில் அவளுக்கென்ன செலவு?

"தப்பு இல்லையா?" என்றான் தம்பி.

"என்ன தப்பு? அவங்கள யாராவது அடிச்சோமா, பட்டினி போட்டோமா? பாருங்க, எவ்வளவு சந்தோஷமா சிரிக்கிறாங்க."

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கால்சட்டையை மெஷின் மேல் போட்டுவிட்டு எழுந்து சோபா அருகே வந்தாள். தம்பியின் கையிலிருந்த போனைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பாதி பிடிபட்டுவிட்டது. கட்டுகிற நாள் அவளுக்கும் தெரியும்.

"கட்டியாச்சாப்பா? இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?" என்றாள். அவ்வளவு மெதுவாகக் கேட்டாள் என்பதால் அவன் குனிய வேண்டியிருந்தது.

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி மகளின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம், போனைத் திருப்பி அந்தப் பூஜ்யத்தைக் காட்டினால் போதும். கடவுள் மனிதர்களுக்குப் பெரும்பாலும் இந்த அளவு வேலையைத்தான் கொடுக்கிறார். தம்பி போனைச் சட்டைப்பையில் போட்டான். கையைத் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினான்.

"நாலு மாசமா?"

தலையாட்டினான்.

அக்கா அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். ஏமாற்றம் ஒரு நொடி அவள் முகத்தில் வந்து போனது. உடனே தம்பியின் முகம் வாடியிருப்பதைக் கவனித்தாள். பாவம், கடன் கட்டிக் கட்டிக் களைத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டு அவன் கையை இரண்டு கைகளாலும் மூடினாள்.

"நாலுதானேப்பா. ஓடிப்போயிடும். இதுக்குப் போய் முகத்தத் தொங்கப்போடுவாங்களா?" என்றாள். பிறகு தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். "ராத்திரி எனக்குப் பால் வைக்காதம்மா. அந்தக் காசையும் கடன் கட்டறதுக்குச் சேத்துடு. நாலு மூணாகும்."

தம்பி மனைவி மருத்துவமனையில் சிரிப்பதுபோல் சிரித்து, சரி என்று தலையசைத்தாள்.

அக்கா ஜன்னலோரம் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. விளக்கைப் போடாமல், கால்சட்டையின் ஓரத்தை விரலால் தடவித் தடவி, விட்ட இடத்தைத் தேடினாள்.